வீட்டுக்கு மூன்று விலை

1

இது கதையாகத் தொடங்கவில்லை, வாக்குமூலமாகத் தொடங்கியது. நான் இப்போது குடியிருக்கும் தீவு நகரமான ஃபமகுஸ்தாவின் நீதிமன்ற எழுத்தர் நிக்கோலா என்னிடம் ஒரே ஒரு தாள்தான் கேட்டார். "ஒரு பக்கம் போதும்மா. என்ன விலைக்கு வாங்குனீங்க, யார் யார் கூட இருந்தாங்க, அவ்வளவுதான். அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு எல்லாம் எழுதாதீங்க" என்றார். வியாழக்கிழமைக்குள் தர வேண்டும். இன்று திங்கள். இதுவரை பதினாறு தாள் வீணாகிவிட்டது. தாளுக்கு ஆன செலவு என் தலையில்.

பதினாறிலும் நான் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். விலை.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவர் சலீபாவும் ஆக்கர் நகரத்தில் ஒரு வீடு வாங்கினோம். இப்போது அந்த நகரம் எங்கள் கையில் இல்லை, வீடு இல்லை, சலீபாவும் இல்லை. ஆனால் வீட்டு விலையில் அறுநூறு பெசாந்து பொற்காசு பாக்கி இருக்கிறதாம். சோசிமா மடத்தின் தலைவர் தியெரி சாமி அந்தப் பாக்கியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து என்மேல் வழக்குப் போட்டிருக்கிறார். விலை தொள்ளாயிரம் என்று எழுதினால் நான் அறுநூறு கட்ட வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு மெழுகுவர்த்திக் கடையும் அதன் பின்னால் ஒரு கட்டிலும். விலை முன்னூறு என்று எழுதினால், சலீபா சுவிசேஷத்தின்மேல் கைவைத்துப் பொய் சொன்னார் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். பொய்ச் சத்தியம் செய்தவர் பெயரை எங்கள் சுரியானிக் கோயிலில் இறந்தோர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவருக்குக் கல்லறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அந்தப் பெயரை ஒருமுறை வாசிப்பார். அவருக்கென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

(தொள்ளாயிரம், முன்னூறு இரண்டுமே உண்மை. தொல்லையே அதுதான்.)

2

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"ஆக்கர் நகரம் கடலை ஒட்டி, இரட்டை மதிலுக்குள்ளே—" வேண்டாம். அந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மீன் சந்தையில் போய்த்தான் நிற்பேன்.

"சலீபா நேர்மையான வியாபாரி." இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மெழுகு வியாபாரி. மெழுகில் கொழுப்புக் கலந்ததில்லை, எடைக்கல்லில் கைவைத்ததில்லை. ஆனால் வாங்குகிறவர் தானாகவே கணக்குத் தப்பாகப் போட்டு இரண்டு காசு கூடுதலாகக் கொடுத்தால், அப்போது பார்த்து அவருக்கு இருமல் வந்துவிடும். ஆகவே "சலீபா பெரும்பாலும் நேர்மையான வியாபாரி" என்று மாற்றினேன். அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்காக அவர் என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார். அடித்துவிட்டேன்.

"மடம் எங்களுக்குக் கடன்பட்டிருந்தது." இதில் பழுதில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மடம் எங்களுக்குக் கடன்பட்டிருந்தது. நாலு வருஷத்து மெழுகு. பாஸ்காப் பண்டிகைக்குப் பெரிய மெழுகுவர்த்தி நாற்பது, மாதாவின் திருநாளுக்கு அறுபது, யாராவது பணக்காரர் செத்தால் கணக்கே கிடையாது. அப்போது மடத்துத் தலைவர் ஓடோ சாமி. நல்ல மனிதர், குண்டானவர், கையில் காசு தங்காதவர். மாதாமாதம் நான் எழுதி வைக்கும் கணக்குத் தாளின் அடியில் ஒரு சிலுவைக்குறி போட்டுக் கொடுப்பார். எங்களுக்குக் கிடைத்த வரவு அந்தச் சிலுவைதான்.

சலீபா மாதம் ஒருமுறை கடனைக் கேட்கப் போவார். போகுமுன் வீட்டிலேயே கோபத்தை ஒத்திகை பார்த்துக்கொள்வார். "இது தர்மசத்திரம் இல்ல சாமி" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். குரல் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு முறை சொல்வார். மடத்தில் ஓடோ சாமி அவரை உட்கார வைத்து, திராட்சை மது ஊற்றி, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். மது உள்ளே போகப் போகக் கோபம் வெளியே போய்விடும்.

"குடுத்தாரா?" என்று நான் கேட்பேன்.

"கேட்டேன்."

"குடுத்தாரான்னு கேட்டேன்."

"முட்டிக்குத் தேய்க்க எண்ணெய் குடுத்தார். அப்புறம், வர்ற வாரத்துக்கு ஒரு பெட்டி மெழுகு வேணுமாம்."

இப்படிக் கடன் முன்னூறு பெசாந்தை எட்டிய வருஷம், எங்கள் தெருவில் ஆக்னஸ் என்ற பிராங்க விதவை இறந்தார் (நாங்கள் அந்த மண்ணிலேயே பிறந்த சுரியானிகள், பிராங்கர் மேற்கிலிருந்து வந்து ஊரை ஆண்டவர்கள்). தன் வீட்டை ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சோசிமா மடத்துக்கு எழுதி வைத்துவிட்டார். எங்கள் ஊர்ச் சட்டத்தில் நகரவாசியின் வீட்டை மடம் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வருஷம் ஒரு நாளுக்குள் இன்னொரு நகரவாசிக்கு விற்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் வீடு அரசுக்கு. பத்து மாதம் ஓடோ சாமி அதை மறந்திருந்தார். பதினோராவது மாதம் மூச்சு வாங்க எங்கள் கடைக்கு வந்தார்.

"சலீபா, உனக்கு வீடு வேணுமாப்பா?"

"பணம் வேணும் சாமி."

"பணம் இருந்தா நான் எதுக்கு வீட்டைக் குடுக்கறேன்?"

சலீபாவுக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. சரி, பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். மனிதர் கெட்டது அங்கேதான்.

[பக்கக் குறிப்பு: வீட்டை வர்ணிக்கப் போவதில்லை. பாறையைக் குடைந்த ஒரு நிலவறை இருந்தது, அதில் ஆகஸ்ட் மாதத்திலும் மெழுகு இளகாது. மாடியில் கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது, அதன் அருகில் உட்கார்ந்து என்னால் எழுத முடியும். அவர் நிலவறைக்காக வாங்கினாரா ஜன்னலுக்காக வாங்கினாரா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "ரெண்டுக்கும் சேத்துத்தான் விலை" என்பார்.]

4

இங்கே ரைனெரி வர வேண்டும்.

ரைனெரி அந்த வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர், பீப்பாய் செய்யும் பிராங்கர், பீசா நகரத்துக்காரர். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் நல்லது என்று முதல் ஐந்து தாள்களில் அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கோழிச்சாறு கொண்டுவந்தவர் அவர். வாசலில் நின்று அதில் பாதியை அவரே குடித்தார் என்பது வேறு விஷயம். வில்லன் அவரில்லை, சட்டம். வீடு விற்பனையானால், பக்கத்து வீட்டுக்காரர் ஏழு நாளுக்குள் அதே விலையை வாங்கியவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டைத் தனதாக்கிக்கொள்ளலாம். ரைனெரிக்கு அந்த நிலவறைமேல் இருபது வருஷத்து ஆசை. பீப்பாய் அடுக்க.

"முன்னூறுன்னு எழுதுனா அன்னைக்கே ரைனெரி பையோட வந்து நிப்பான் சாமி," என்றார் சலீபா.

"நல்லதாப் போச்சு. உனக்கு முன்னூறு கைக்கு வந்துடும். பணம்தானே கேட்ட?"

"அது வீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி கேட்டது."

ஓடோ சாமி சிரித்தார். இரண்டு கோப்பை மதுவுக்குப் பிறகு இருவருமாகச் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு கோப்பை மதுவுக்குப் பிறகு கண்டுபிடிக்கிற வழி எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பத்திரத்தில் விலை தொள்ளாயிரம் என்று போடுவது. முன்னூறு பழைய கடனில் கழிந்தது, மீதி அறுநூறு பிறகு தரப்படும் என்று எழுதுவது. ரைனெரியிடம் தொள்ளாயிரம் கிடையாது. ஏழு நாள் கழிந்ததும் அறுநூறும் வந்து சேர்ந்துவிட்டதாக ஓடோ சாமி மடத்துக் கணக்கில் ஒரு வரி எழுதிவிடுவார். கதை முடிந்தது.

"அந்த அறுநூறு வெறும் பேச்சுன்னு ஒரு சின்னத் தாள்ல எழுதிக் குடுத்துடுங்க சாமி," என்றேன் நான். நான் அப்போது அடுத்த அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

"எழுதுனா யாராவது படிப்பாங்களே தெக்லா," என்றார் ஓடோ சாமி. "எதுக்கு? கடவுள் சாட்சி."

"கடவுள் சுரியானியா பிராங்கரான்னு கோர்ட்டுல கேப்பாங்க சாமி," என்றார் சலீபா.

இது வெறும் கிண்டல் இல்லை. சுரியானிமேல் பிராங்கர் வழக்குப் போட்டால் சுரியானிதான் சாட்சி சொல்ல வேண்டும், பிராங்கர்மேல் சுரியானி போட்டால் பிராங்கர்தான் சொல்ல வேண்டும். ஆள் தன்னைச் சேர்ந்தவனுக்காகப் பொய் சொல்வான், தன்னைச் சேர்ந்தவனுக்கு எதிராகப் பொய் சொல்ல மாட்டான் என்பது இதைக் கண்டுபிடித்தவரின் எண்ணம். அவருக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

5

நீதிமன்றக் காட்சியை விறுவிறுப்பாக எழுத ஆசைதான். ஆனால் அன்று எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். நகர அதிகாரியும் பன்னிரண்டு நடுவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சாட்சி என் அண்ணன் போலோஸ். நான் சாட்சியல்ல. சலீபா முத்திரை மோதிரத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார், அதைக் கொடுக்க வந்தவள் கதவருகே நின்றுவிட்டேன். அந்த அறையில் இருந்த சுரியானிகள் மூன்றே பேர். இதை நினைவில் வையுங்கள்.

"என்ன விலை?" என்றார் அதிகாரி.

சலீபா சுவிசேஷத்தின்மேல் கையை வைத்தார். "தொள்ளாயிரம்," என்றார். ஒத்திகை பார்க்காமல் சொன்னதால் குரல் நன்றாகவே வந்தது.

பின் வரிசையில் ரைனெரி எழுந்து நின்று, "அந்த வீட்டுக்கா?" என்று கேட்டார். அதிகாரி முறைத்ததும் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் சலீபாவின் தோளில் கைபோட்டு, "மச்சான், உன்னை நல்லா மொட்டை அடிச்சுட்டாங்க. முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். சலீபா பெருமூச்சு விட்டுக் காட்டினார். அந்தப் பெருமூச்சும் உண்மைதான். நீதிமன்றக் கட்டணம் விலையைப் பொறுத்தது, தொள்ளாயிரத்துக்கும் சேர்த்து வாங்கிவிட்டார்கள். கைமாறாத பணத்துக்குக் கட்டணம் கட்டியதை அவர் கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லிப் புலம்பினார்.

ஏழு நாள் கழிந்தது. ரைனெரி வரவில்லை. நாங்கள் குடியேறினோம்.

ஓடோ சாமி அந்த ஒரு வரியை எழுதவில்லை. சோம்பல் இல்லை. எழுதுவதற்காக மடத்துக் கணக்குப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நாலு மாதம் தேடினார். பிறகு காய்ச்சலில் இறந்துபோனார். அவர் அடக்கத்துக்கான மெழுகும் எங்களுடையதுதான்.

[பக்கக் குறிப்பு: புத்தகம் அவர் கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் இருந்தது. கட்டில் ஆடாமல் இருக்க.]

6

புதிதாக வந்த தியெரி சாமியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கெட்டவர் என்று எழுதினால் எளிது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை, படிக்கிறவர். ஒல்லியான மனிதர். மடத்தில் இருந்த ஒவ்வொரு பத்திரத்தையும் எடுத்துத் தூசி தட்டி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். அந்த மடத்தில் இதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

"உங்க பேர்ல அறுநூறு பெசாந்து பாக்கி இருக்கு," என்றார்.

"சாமி, பாக்கி எங்களுக்குத்தான் இருந்துச்சு. அதுவும் தீந்துபோச்சு," என்றார் சலீபா.

"பத்திரத்துல அப்படி இல்லையே."

"பத்திரத்துல இருக்கறது உண்மை இல்ல சாமி."

"சுவிசேஷத்துமேல சத்தியம் பண்ணியிருக்கீங்களே. அதுவும் உண்மை இல்லையா?"

சலீபாவுக்கு அப்போதுதான் தான் கட்டிய அறைக்குக் கதவே வைக்கவில்லை என்பது புரிந்தது. தொள்ளாயிரம் என்றால் அறுநூறு கட்ட வேண்டும். முன்னூறு என்றால் பொய்ச் சத்தியம், அதோடு ரைனெரியின் ஏழு நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், வீடு பீப்பாய்க் கிடங்காகும். அன்று மாலை வீட்டில் நடையாய் நடந்தார்.

"மடம் எனக்குக் குடுக்க வேண்டிய கடனுக்கு வீடு வாங்குனேன். இப்ப வீடு வாங்குனதால மடத்துக்கு நான் கடன்காரன். இது எந்த ஊர் கணக்கு தெக்லா?"

"ரெண்டு கோப்பை மது கணக்குங்க."

தியெரி சாமிக்குச் சுரியானிச் சாட்சி வேண்டும். ஆகவே என் அண்ணன் போலோஸைக் கூப்பிட்டு அனுப்பினார். போலோஸ் பொய்யே சொல்லாதவர். சந்தையில் யாராவது "இந்தத் தொப்பி எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டால் தெருவை மாற்றிப் போகிறவர்.

"மச்சான், நான் தொள்ளாயிரம்னுதான் கேட்டேன். கேட்டியான்னு கேட்டா கேட்டேன்னுதான் சொல்லுவேன்," என்றார்.

"அப்ப கேக்கவே விடாத. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

சலீபா யோசித்தார். பிறகு அண்ணனுக்கு நேற்றைய மீன் வாங்கிக் கொடுத்தார். நேற்றையதா முந்தாநாளையதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விசாரணை நாளில் போலோஸால் முற்றத்தைத் தாண்ட முடியவில்லை. அதில் பொய் எதுவும் இல்லை. வழக்கைத் தள்ளி வைத்தார்கள். இரண்டாம் முறை இறால். மூன்றாம் முறை போலோஸ் எங்கள் வீட்டில் சாப்பிட மறுத்துவிட்டார். ஆனால் அப்போது சுல்தானின் படை மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டிருந்தது. நீதிமன்றம் பாஸ்கா கழியட்டும் என்றது.

(சிரிக்க வைக்கிற பகுதி இங்கே முடிகிறது என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அப்படியும் இல்லை.)

7

இந்தப் பகுதிக்கு இரண்டு வரைவுகள் உண்டு.

முதல் வரைவு. பாஸ்கா கழிந்து நாலாவது வாரம். போலோஸ் மதில்மேல் இறந்து மூன்று நாள் ஆகிறது. சுல்தானின் படை எறியும் கல் வந்து விழும் சத்தத்துக்குப் பழகிப்போய், விழாவிட்டால்தான் திடுக்கிட்டோம். சலீபா என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். படகுக்காரன் இரண்டு பேருக்குக் கேட்ட கூலியைக் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்தது. இருந்தாலும் கொடுத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஒரு காலைப் படகில் வைத்தவர் அப்படியே நின்றார்.

"வீடு காலியா இருக்கு," என்றார்.

"ஊரே காலியாயிட்டு இருக்குங்க."

"அது வேற. வழக்குல இருக்கற வீடு ஒரு பகல் ஒரு ராத்திரி காலியா இருந்தா எதிராளி குடியேறலாம். சட்டம் இருக்கு. தியெரி சாமிக்கு அது தெரியும். அந்த ஆள் படிக்கிறவரு."

"சுல்தான் குடியேறப் போறான். நீங்க சாமியச் சொல்றீங்க."

"சுல்தானைத் தொரத்திடலாம். அதான் வழக்கமா நடக்குது, வருவான், போவான். சாமிய எறக்கவே முடியாது. நீ போ. நாளைக்கு ஒரு ஆளைக் காவலுக்கு வெச்சுட்டு அடுத்த படகுல வந்துடறேன். கூலி ரெண்டு பேருக்கும் குடுத்தாச்சு, அவன் ஏமாத்தாமப் பாத்துக்க."

திரும்பி நடந்தார். முழங்கால் வலியால் படிகளில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார். மேல்படியில் கூட்டத்துக்குள் போய்விட்டார். பரமண்டல ஜெபம் ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரம் போயிருக்கும். சலீபாவின் இடத்தில் ஒருவர் ஏறி உட்கார்ந்தார். மடியில் இரும்புப் பட்டை அடித்த பத்திரப் பெட்டி. தியெரி சாமி.

நான் கத்தினேன். எழுந்து நின்று, சலீபா போன படிகளைப் பார்த்துக் கத்தினேன். "இங்க இருக்காருங்க. இவரு இங்கதான் இருக்காரு." துறைமுகத்தில் அன்று எல்லோருமே ஒரு பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். தியெரி சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "உட்காரும்மா, படகு சாயுது," என்றார்.

இரண்டாம் வரைவு. எல்லாம் அப்படியே. தியெரி சாமி மட்டும் பரமண்டல ஜெபம் ஒன்று சொல்லும் நேரம் முன்னதாக வருகிறார். சலீபா ஒரு காலைப் படகில் வைத்திருக்கும்போதே பெட்டியோடு வந்து நிற்கிறார். சலீபா அவரை மேலும் கீழும் பார்க்கிறார். "வாங்க சாமி, வாங்க. ஒக்காருங்க," என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, தானும் ஏறி, ஃபமகுஸ்தா போகும் வரைக்கும் அறுநூறைப் பற்றி—

இந்த வரைவை ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இருவரும் கரை சேரும் வரைக்கும் சண்டை போடுகிறார்கள். சண்டை நன்றாக வருகிறது, எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கரை இறங்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன். வாக்குமூலத்தில் இதைச் சேர்க்க முடியாது என்று நிக்கோலா சொல்லிவிட்டார். பெட்டி எந்த நேரத்தில் படகில் ஏறியது என்று தியெரி சாமி குறித்து வைத்திருக்கிறாராம்.

8

ஆகவே வியாழக்கிழமை.

தியெரி சாமியிடம் பத்திரம் இருக்கிறது. அதை மெய்யென்று சொல்லச் சுரியானிச் சாட்சி வேண்டும். அந்த அறையில் அன்று நின்ற மூன்று சுரியானிகளில் மீதி இருப்பது நான் மட்டும். என்மேல் போட்ட வழக்கில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல என்னையே அழைத்திருக்கிறார். கடைக்கு வந்து இதைச் சொன்னபோது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"நீங்க சுவிசேஷத்துமேல கை வெச்சுப் பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்மா," என்றார். போகும்போது இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினார். காசு கொடுத்து வாங்கினார். அந்த மடத்திலிருந்து நான் பார்த்த முதல் காசு.

ரைனெரியும் இங்கேதான் இருக்கிறார், ஒரு காதில் கேட்காமல், ஒரு பீப்பாய்க் கடையில் கூலிக்கு. "முன்னூறுன்னு மட்டும் சொல்லிடு தங்கச்சி. நான் வீட்டை எடுத்துக்கறேன்," என்றார்.

"எந்த வீட்டைண்ணே? அங்க கல்லுதான் கெடக்கு."

"நிலவறைக்கு என்ன ஆகியிருக்கப் போகுது? பாறை. ராசாக்கள் படை திரட்டறாங்களாம், அடுத்த வருஷம் ஊரைப் புடிச்சுடுவாங்க. பணம் மட்டும் அங்க போனதும் தர்றேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டை இன்னும் விலைக்குக் கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்பதற்காக அவருக்குச் சாறு ஊற்றிக் கொடுத்தேன்.

நேற்று நிக்கோலா கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஏதோ புதையல் கண்டவர் போல முகம்.

"ரெண்டு விலை சொன்னீங்க. மூணாவது ஒண்ணு இருக்கு, யோசிச்சீங்களா?"

"என்ன?"

"விலையே இல்ல. அந்த வீட்டை நீங்க வாங்கவே இல்லன்னு சொல்லிடுங்க. ஆக்கர் கோர்ட்டுப் புத்தகம் எல்லாம் எரிஞ்சு போச்சு. சாமி கையில இருக்கற பத்திரத்துக்கு உங்களை விட்டா வேற சுரியானிச் சாட்சி கெடையாது. அப்படி எதுவும் நடக்கலன்னு நீங்க சொன்னா பத்திரம் வெறும் ஆட்டுத் தோல். வாங்கலன்னா அறுநூறு கெடையாது. உங்க வீட்டுக்காரர் சத்தியமும் பண்ணல, பொய்யும் சொல்லல, பட்டியல்ல பேர் இருக்கும்."

"நான் சத்தியம் பண்ணணுமே."

"அது உங்க பாடு. இன்னும் முடிக்கல, கேளுங்க. வீடு வாங்கலன்னா பழைய மெழுகுக் கடன் எப்படித் தீந்துச்சு? தீரவே இல்ல. ஓடோ சாமி சிலுவை போட்ட தாள் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? மடம் உங்களுக்கு முன்னூறு பெசாந்து தரணும்மா. தியெரி சாமி மூஞ்சிய நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்தத் தாளை எழுதித் தருவதற்கு நிக்கோலா கூலி வேண்டாம் என்றார். இதற்காகவே முப்பது வருஷம் எழுத்தராக இருந்தேன் என்றார். பொய் சொல்வதில் எனக்குப் பயம் இல்லை. என் பொய் என்னோடு போகும், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். பேனாவை எடுத்தேன். "நானும் என் கணவர் சலீபாவும் ஆக்கர் நகரத்தில் எந்தக் காலத்திலும் எந்த வீட்டையும்—" வரை கை ஓடியது.

9

மூன்று தாள்கள் மேஜைமேல் இருக்கின்றன. மூன்றையும் நல்ல கையெழுத்தில் எழுதிவிட்டேன். மூன்றாவதில் மட்டும் அந்த வரி பாதியில் நிற்கிறது, நிக்கோலா முடித்துக் கொடுப்பார். வியாழக்கிழமை காலையில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டு போக முடியும். இதுவரை படித்துவிட்டீர்கள், நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

முதல் தாளை எடுத்தால் கடையை விற்று அறுநூறில் எவ்வளவு தேறுமோ அதைக் கட்டுகிறேன். இரண்டாவதை எடுத்தால் பாதிரியார் தாண்டிப் போகும் இடத்தில் அவர் பெயரை நானே வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன், ரைனெரி தன் முன்னூறை அடுத்த வருஷம் தரட்டும். மூன்றாவதுதான் லாபம். பணமும் வரும், பெயரும் நிற்கும், தியெரி சாமியின் முகமும் பார்க்கக் கிடைக்கும். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். எடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதை எடுத்தால், அன்று படகிலிருந்து காலை எடுத்துவிட்டு அவர் யாருடைய வீட்டுக்குத் திரும்பிப் போனார் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.